டெங்கு தடுப்புக்கு வீடு வீடாக இறங்கும் முன்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் குறிப்பு

நான் கடையநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஐப்பசி மாதம் என் தங்கச்சி மகள் டெங்குவில் படுத்து எழுந்தாள். அந்த வேகத்தில், மெஷின் நம்மிடம்தானே இருக்கிறது என்று 600 நோட்டீஸ் அடித்துத் தெருத் தெருவாகக் கொடுத்தேன். கோயில் திடலில் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசவும் செய்தேன். நாலாம் நாள் சாயங்காலம் டீக்கடையில் பருப்பு வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் 'டெங்குவை ஒழிப்போம்' என்று எண்ணெய் ஊறிப் போயிருந்தது. அதே மாதம் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள்.

அடுத்த வருடம் வேறு மாதிரி செய்தோம், ஓரளவு நடந்தது. அந்த இரண்டாம் வருடத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் மாதத்தையும் மழையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கு

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைப் பிடியுங்கள். எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை, காலனிக்கு ஏழு நாளுக்கு ஒரு முறை. இந்த ஒரு தாள் இல்லாமல் இறங்கினால் நீங்கள் சொல்லும் எதுவும் ஊருக்குப் பொருந்தாது.

ஏன் என்றால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். நாம் பிடித்து வைக்கிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். அடுத்த முறை குழாய் வந்து டிரம் நிரம்பும்போது அந்த முட்டை நனைந்து பொரிக்கும். நம் ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள். இப்போது ஐந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் வீட்டை யோசியுங்கள். அடியில் கிடக்கும் பழைய தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை, அதன் மேலேயே புதுத் தண்ணீரை விடுவார்கள். டிரம் காலியாவதே கிடையாது.

நான் முதல் வருடம் மைக்கில் சொன்னது: "வாரம் ஒரு நாள் எல்லாத் தண்ணீரையும் கீழே கொட்டிவிடுங்கள்." கூட்டத்திலிருந்து ஒரு அத்தை எழுந்து, "நீ வந்து குழாயடியில நின்னு பிடிச்சுக் குடு. நான் கொட்டுதேன்" என்றாள். அதோடு கூட்டம் முடிந்தது.

இரண்டாம் வருடம் சொன்னது வேறு: குழாய் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டிரம்மில் அடித்தண்ணீர்தான் இருக்கும். அதைச் செடிக்கோ மாட்டுக்கோ ஊற்றிவிட்டு, தேங்காய் நாரில் கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் தொட்டு உள்சுவரை மேலிருந்து கீழ் வரை தேய்த்து, அலசிக் கவிழ்த்து வையுங்கள். இதில் ஒரு குடம் தண்ணீர்கூட நஷ்டம் இல்லை. இதை ஏற்றுக்கொண்டார்கள்.

2. யாரைப் பார்ப்பது, என்ன தாள் கொடுப்பது

நீங்களாகவே வீடு வீடாகப் போனால் "நீ யார் என் டிரம்மைத் திறக்க?" என்ற கேள்வி மூன்றாவது வீட்டிலேயே வரும். அதனால் தாள் முக்கியம். பயப்பட வேண்டாம், மூன்று கடிதம்தான்.

முதல் கடிதம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு. யார் யார் வரப்போகிறோம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு பக்கம். கீழே ஒரு வரி கட்டாயம்: "மருந்து எதுவும் நாங்கள் ஊற்ற மாட்டோம்." இந்த வரி இருந்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கிறது. இரண்டாவது, ஊராட்சிக்கு. தலைவர் இருக்கும் ஊரில் தலைவருக்கு. பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பார்க்கும் ஊரில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், ஊராட்சிச் செயலர் வழி சொல்வார். மூன்றாவது பள்ளித் தலைமை ஆசிரியருக்கு. அவர் பெரும்பாலும் "வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்" என்பார். ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நான் ஜெராக்ஸ் கடைக்காரன், அதனால் சொல்வதாக நினைக்காதீர்கள். முதல் வருடம் நான் ஒரு அலுவலகத்தில் கொடுத்த கடிதம் பதினெட்டு நாள் கழித்து "அப்படி ஒன்று வரவே இல்லை" ஆகிவிட்டது.

மைக் செட் கட்டுவதாக இருந்தால் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு எப்படியும் அனுமதி கிடையாது. என்னைக் கேட்டால் மைக்கே வேண்டாம்.

கடிதத்தைவிட முக்கியமான ஆட்கள் மூன்று பேர். சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், அப்புறம் டி.பி.சி. பணியாளர்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டியைப் பார்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுகிறார்களே, அவர்கள்தான். தினக்கூலிக்கு வெயிலில் நடப்பவர்கள். அவர்களிடம் போய் "நீங்கள் சரியாகச் செய்யாததால்தான் நாங்கள் வந்தோம்" என்ற தொனி வந்துவிட்டால் உங்கள் வேலை அன்றோடு சரி. நாங்கள் முதல் நாள் அவர்களோடு ஒரு தெரு முழுக்க நடந்தோம், வாயைத் திறக்காமல். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் கதவு திறக்காது, எந்த வீட்டுப் பின்கட்டில் எட்டு டிரம் இருக்கிறது என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

3. ஆள் சேர்ப்பது

எங்கள் ஊரில் சுமார் 400 வீடு. பதினாறு பேர், எட்டு ஜோடி, ஜோடிக்கு 50 வீடு. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரே காலையில் முடியாது. வாராவாரம் சனி, ஞாயிறு இரண்டு காலை என்று பத்து வாரத்துக்கு வைத்தோம்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். தண்ணீர் இருப்பது அடுப்படியிலும் குளிக்கிற இடத்திலும். இரண்டு பையன்கள் போய் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்கா உங்கள் ஊரில் யார் என்று பாருங்கள். அவருக்கு எந்த வீட்டிலும் கதவு திறக்கும்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் எழுதாதது. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெரு ஆளே போக வேண்டும். எங்கள் முதல் பட்டியலில் பத்துப் பேர் ஒரே தெருக்காரர்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். காலனியிலிருந்து நாலு பேர், பள்ளிவாசல் தெருவிலிருந்து மூன்று பேர் வந்த பிறகுதான் அது ஊர் வேலை ஆனது. ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம் பள்ளிவாசலிலேயே சொன்னார்கள்; அங்கே கைகால் கழுவும் ஹவுள் தொட்டியில் ஏற்கெனவே மீன் விட்டிருந்ததால் கொசுப்புழுவே இல்லை என்பதையும் அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

ஜோடிக்கு ஒரு பை: டார்ச், வெள்ளைக் கிண்ணம், கோடு போட்ட நோட்டு, பேனா, சுகாதார நிலையம் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல். அவ்வளவுதான். கிண்ணம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், எவர்சில்வரில் புழு தெரியாது. எட்டுப் பைக்கும் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெரிய செலவு டீ, வடை. பத்து வாரத்துக்கு அது மட்டும் சாமான் செலவைத் தாண்டிவிட்டது. இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிற பிள்ளைகளுக்கு டீகூட வாங்கிக் கொடுக்காமல் வேலை வாங்க முடியாது.

பனியன், தொப்பி, பேனர் எதற்கும் காசு போடாதீர்கள். யாராவது ஸ்பான்சர் செய்கிறேன் என்று வந்தால், டிரம்முக்கு மூடுதுணி தைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

5. டிரம்மைத் திறப்பது

இதுதான் மொத்த வேலையும். மற்றதெல்லாம் இதற்கு ஏற்பாடு.

எங்கள் பகுதியில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். அவர்களை மண்டபத்துக்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலியில் அரைமணி நேரம் போகிறது. வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு நாம் போக வேண்டும். மடியில் சுளகு, கை இலையைச் சுருட்டிக்கொண்டே இருக்கும், காது நம்மிடம் இருக்கும். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. நாள் முழுக்க ஒரே இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களைவிட அதற்கு வசதியான ஆள் கிடையாது. "கெண்டைக்காலில் கடிக்குமே, கறுப்பாய், காலில் வெள்ளை வெள்ளையாய் வரி போட்ட கொசு, அதுதான்" என்று சொன்னதும் ஒருத்தி சுருட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். நோட்டீஸில் இருந்த கொசுப் படம் செய்யாததை அது செய்தது.

வீட்டுக்குள் போனதும் செய்ய வேண்டியது இப்படி.

மூடியை நீங்கள் திறக்காதீர்கள். வீட்டுக்காரரைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கரண்டியையோ கிண்ணத்தையோ அவர்களுடைய குடிதண்ணீரில் விடவே விடாதீர்கள், சுத்தத்துக்காகவும்தான், மனதுக்காகவும்தான். அவர்கள் வீட்டு அகப்பையையே கேட்டு வாங்குங்கள்.

திறந்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிழல் விழுந்ததும் புழுக்கள் அடிக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுவார்கள்: "இந்த வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருங்கள். மூச்சுக்காக அது மேலே வந்தே ஆக வேண்டும். தலைகீழாக, வால் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொட்டபடி தொங்கும். அப்போது அகப்பையைச் சாய்த்து ஓரத்தில் மெதுவாக அள்ளி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, டார்ச் அடித்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். நெளிந்து நெளிந்து போவது புழு. காற்புள்ளி மாதிரி சுருண்டு குட்டிக்கரணம் போடுவது கூட்டுப்புழு. அது இரண்டொரு நாளில் கொசு.

ஒரு ஆச்சி கிண்ணத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ மக்கா, இது எங்க காலத்துலயே கெடக்க தண்ணிப் பூச்சி. துணியில வடிகட்டிட்டுக் குடிப்போம். இதுவா கடிக்கும்?" என்றாள். அங்கே வாதாடாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, அந்த வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள் ஆச்சியே பேரனை என் கடைக்கு அனுப்பினாள். பாட்டிலுக்குள் நாலு கொசு. துணியைத் திறக்காமல் வெயிலில் வைத்துக் கொன்றுவிட வேண்டும், இதை முதலிலேயே சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் அந்த ஆச்சிதான் எங்களுக்குப் பிரசாரகர். நாங்கள் போகாத வீட்டிலும் போய் டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள், அதனால் இரண்டு சண்டையும் வந்தது.

டிரம்மோடு விட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பீரோ கால் எறும்புக் கிண்ணம், மணி பிளாண்ட் பாட்டில், கழிப்பறையில் உள்ள சின்ன சிமெண்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, மொட்டை மாடியில் கயிறு கட்டின டயர், வீடு கட்டுகிற இடத்தில் தண்ணீர் நிற்கும் குழி. எங்கள் ஊரில் அதிகம் புழு கிடைத்தது யாரும் நினைக்காத இடத்தில்: மாட்டுக்கு வைக்கும் சிமெண்ட் தொட்டி. மாட்டை விற்றுவிட்டார்கள், தொட்டி அப்படியே நின்றது.

புழு கிடைத்த வீட்டைத் தெருவில் நின்று சத்தமாகச் சொல்லாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் ஆர்வத்தில் ஒரு வீட்டு டிரம்மைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். டிரம் மேல் வீட்டுக்காரர் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த வீடு மட்டுமில்லை, அவர்கள் சொந்தக்காரர் வீடு ஆறும் மூன்று வாரம் எங்களைச் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து சுற்றுக்குப் போகும்போது போன் பைக்குள்.

தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939-இன் கீழ் கொசு வளர விடுகிறவர்களுக்கு நோட்டீஸ், அபராதம் எல்லாம் உண்டு. அது அலுவலர்கள் வேலை. உங்கள் வாயில் அபராதம் என்ற சொல் ஒரு தடவை வந்தால் அடுத்த சுற்றில் கதவு பூட்டியிருக்கும்.

6. எல்லா ஊரிலும் வரும் நாலு பேச்சு

"சாக்கடையை முதலில் அள்ளச் சொல்லு." இதுதான் முதல் பேச்சு. சாக்கடையில் வளர்வது வேறு கொசு, இரவில் கடிப்பது, டெங்குவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது உண்மைதான், ஆனால் இதைப் பதிலாகச் சொன்னால் எரிச்சல்தான் வரும். சாக்கடைப் புகாரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெரு வாரியாகத் தொகுத்து ஊராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கி, அந்த நகலை அடுத்த வாரம் காட்டுங்கள். அதன் பிறகு டிரம்மைப் பற்றிப் பேசலாம்.

"புகை அடிச்சா போதும்." புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். டிரம்முக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, நாலு நாளில் அது பறக்கும். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி அடிப்பதற்கு அர்த்தம் உண்டு, அதைச் சுகாதாரத் துறையே செய்யும்.

"அபேட் ஊத்தினா தண்ணி நாறுது, பிள்ளைக்கு ஆகாது." லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரிலும் விடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மருந்து அது. ஆனால் அளவு டி.பி.சி. பணியாளர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கி ஊற்றக் கூடாது. குடிக்கும் தண்ணீர்க் குடத்தைத் துணி கட்டி மூடிக்கொள்ளட்டும், புழங்கும் தண்ணீருக்கு மருந்து என்று பிரித்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள்.

"என் வீட்டுல சுத்தம்தான், பக்கத்து வீட்டுலேர்ந்துதான் வருது." பாதி சரி. இந்தக் கொசு வெகு தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்தான். அதனால் பக்கத்து வீட்டையும் சேர்த்துத்தான் டிரம் தேய்க்கும் கிழமை குறிக்கிறோம் என்று சொல்லுங்கள்.

7. மூடுவது

மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் போதும். ஆனால் தொய்வாகக் கட்டினால் துணி தண்ணீரில் தோய்ந்து, நடுவில் குழி விழுந்து, அதிலேயே தண்ணீர் நிற்கும். மத்தளத் தோல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பதே நல்லது. எங்கள் ஊர் டெய்லர் ஒன்றுக்கு 30 ரூபாய் வாங்கினார். மாடித் தொட்டிகளின் மூடி ஆடிக் காற்றில் பறந்து போயிருக்கும், ஏறிப் பார்க்காமல் "மூடி இருக்கு" என்று எழுதாதீர்கள். மேலே நீட்டியிருக்கும் காற்றுக் குழாய்க்கும் ஒரு வலைத்துணி கட்ட வேண்டும். கிணறு, பெரிய தொட்டிகளுக்குப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். சுகாதார ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

8. பள்ளிக்கூடம்

நாற்பது நிமிடம் கேட்டால் இருபது கிடைக்கும். பேசாதீர்கள், புழுப் பாட்டிலைக் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாக ஒன்று: "உங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும் இடங்களை எண்ணி வா." பெரியவர்கள் காட்டாத இடத்தையெல்லாம் அவர்கள் எழுதிவருவார்கள். எட்டாம் வகுப்பு வரை போதும். அதற்கு மேலே உள்ளவர்கள் சிரிப்பார்கள்.

பாட்டிலை வகுப்பில் விட்டுவிட்டு வரக் கூடாது. எங்கள் பாட்டிலை ஒருவன் ஆட்டிப் பார்த்ததில் துணி நழுவிவிட்டது. நாலைந்து கொசு ஐந்தாம் வகுப்புக்குள் பறந்தது. தலைமை ஆசிரியரிடம் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.

9. கணக்கு எழுதுவது

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: வீட்டு எண், பார்த்த பாத்திரம் எத்தனை, புழு இருந்தது எத்தனை, எந்த இடம், தேதி. சுற்று முடிந்ததும் புழு இருந்த வீட்டை, பார்த்த வீட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இதைத்தான் சுகாதாரத் துறையில் வீட்டுக் குறியீடு என்கிறார்கள். எங்கள் தெருவில் முதல் நாள் 40 வீட்டில் 17-ல் புழு, குறியீடு 42.5. இந்த எண்ணைத் தெரு வாரியாக எழுதிக் கொடுத்தபோதுதான் சுகாதார ஆய்வாளர் எங்களை உட்காரச் சொன்னார்.

பூட்டிக்கிடக்கும் வீட்டைத் தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு ஊரிலும் வெளியூர் போனவர்கள் வீட்டுத் தொட்டி ஒன்று, கேட்பாரற்று, நிறையத் தண்ணீரோடு இருக்கும். சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

10. பணம் கேட்பது

கிராம சுகாதார, நீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று உங்கள் ஊரிலும் பெயரளவிலாவது இருக்கும். தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை அதற்கு வரும். இதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, அதன் பிறகு வாங்கிய பில்தான் செல்லும். நாங்கள் முதலில் சாமான் வாங்கிவிட்டு அப்புறம் போனோம். பில் தேதி தீர்மானத் தேதிக்கு முந்தியது என்று திருப்பிவிட்டார்கள். என் கைக்காசு. டீக்கடைக்காரரிடம் பில் புத்தகம் கிடையாது. வவுச்சரில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

11. எப்போது தொடங்குவது

எங்கள் பக்கம் ஜூனிலிருந்து குற்றாலச் சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் காய்ச்சல் வந்த பிறகு தொடங்கினால் சுகாதார நிலையத்தில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஜூலையில் கடிதம் கொடுங்கள். அது டெங்கு தடுப்பு மாதம் என்பதால் அவர்களும் ஏதாவது நடத்தியாக வேண்டிய நேரம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, தண்ணீர்க் கிழமைத் தாளைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அடுத்த வாரமே முதல் சுற்று. பத்து வாரம் விடாமல் போக வேண்டும். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் தெரு வாரி எண்ணை வாசிக்கலாம். நாலாவது வாரம் ஆட்கள் குறைவார்கள். எங்களில் பதினாறு ஒன்பதாகியது. அப்போது மொத்த ஊரையும் விட்டுவிட்டு, முதல் சுற்றில் புழு இருந்த வீடுகளுக்கு மட்டும் போனோம். அதுவே போதுமாக இருந்தது.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, கஞ்சி குடிக்கும் நேரத்தில் பேசலாம். ரேஷன் கடை வரிசையும் நல்ல இடம்தான், ஆனால் பாமாயில் தீர்ந்துபோன அன்றைக்குப் போகாதீர்கள்.

12. காய்ச்சல் என்று யாராவது சொன்னால்

நீங்கள் மருத்துவர் இல்லை. சொல்ல வேண்டியது நாலே விஷயம். மருந்துக் கடையில் வாங்கித் தின்னாமல், ஊசிக்கு அலையாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையோ ஊசியோ டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான். ரத்தப் பரிசோதனை என்றால், முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எலைசா. "காய்ச்சல் விட்டிருச்சு, சரியாப் போச்சு" என்பதுதான் பெரிய கண்ணி: மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை சோர்ந்து சுருண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் 108. சந்தேகம் கேட்க 104.

நிலவேம்புக் கஷாயம் குடிக்கலாமா, பப்பாளி இலை கொடுக்கலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் ஒன்றை நீங்களே சொல்லலாம்: காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகிறது.

13. மழை நின்ற பிறகு

மார்கழியில் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நாங்களும் விட்டோம். ஒரு சுற்று மட்டும் பாக்கி வையுங்கள், போகி சமயத்தில். வீட்டைத் துடைக்கும்போது பழைய டிரம், உடைந்த குடம், டயர் எல்லாம் பரணுக்கோ கொல்லைக்கோ போகும். காய்ந்த டிரம்தானே என்று விடக் கூடாது. சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும், அடுத்த ஆனியில் முதல் சாரல் விழுந்ததும் பொரிக்கும். உள்ளே நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். டயரைத் தேய்க்க முடியாது. எங்கள் ஊரில் பஞ்சர் கடைக்காரர் ஒரு லோடு எடுத்துப் போனார், டயருக்கு ஐந்து ரூபாய் அவரே கொடுத்தார். மீதி இருக்கும் ஒன்பது டயர் இன்னும் என் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது, நாலு பக்கமும் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.